கப்பலுக்குப் போகாத சேதி

என் மகளை ஒரு லாரி டிரைவர் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார் என்றும், அவர் போட்ட சத்தத்தில் மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது என்றும் தலைமையாசிரியை சிஸ்டர் போனில் சொன்னபோது, நான் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் ஒரு கன்டெய்னருக்கான பில்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, பதறாம வாங்க" என்றார். நான் பதறவில்லை. பில்லை முடித்தேன். ஒருமுறை சரிபார்த்து அனுப்பினேன். அப்புறம்தான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அன்று ஒரு மாதிரியும் இல்லை.

நடந்தது இதுதான். இடைவேளையில் தண்ணீர் வண்டிக்காகப் பள்ளிக்கூட கேட்டைத் திறந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே சாலையில் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் ஊர்ந்து போயிருக்கிறது. ஹார்பருக்குப் போகிற பாதையில் அது தினப்படி விஷயம். முன்னால் ஒரு ஜீப் சிவப்புக் கொடியோடு போகும், பின்னால் அந்த வெள்ளை இறக்கை தெருமுனையைக் கடந்து முடிவதற்குள் ஒரு டீயைக் குடித்துவிடலாம். என் மகள் அதன் கூடவே ஓடியிருக்கிறாள். எதிரே உப்பு ஏற்றி வந்த லாரிக்காரர் மிதித்த பிரேக்கில் மூட்டைகள் சரிந்து சாலையில் விழுந்தனவாம்.

"ஏன் ஓடுன?" என்று கேட்டேன்.

"றெக்கை எங்க முடியுதுன்னு பாக்கப் போனேன் மம்மி."

"பாத்தியா?"

"பாக்கதுக்குள்ள அந்த மாமா தூக்கிட்டாரு" என்றாள், லாரிக்காரர் மேல் புகார் சொல்கிற குரலில்.

சிஸ்டர் கெட்டவர் இல்லை. யு.கே.ஜி.யிலிருந்து என் மகளைப் பொறுத்துக்கொண்டவர். "அரையாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கும்போது டாக்டர் சொன்னது என்னன்னு எனக்குத் தெரியணும், வைத்தியமும் ஆரம்பிச்சிருக்கணும். இல்லைன்னா டி.சி. வாங்கிக்கோங்க. அடுத்த தடவை பிரேக் பிடிக்காத லாரி வந்தா நான் யாருக்குப் பதில் சொல்ல?" என்றார். அவரோடு சண்டை போடலாம் என்றுதான் வண்டியில் வரும்போது நினைத்திருந்தேன். அவர் சொன்னதில் சண்டைக்கு இடமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடியிலிருந்து மதினி இறங்கி வந்தார். என் கணவரின் அக்காள், எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். பிள்ளையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்குச் சொல்லலைல்லா?"

"சொல்லல."

"நல்லது. சொல்லாத."

என் கணவர் சரக்குக் கப்பலில் போசன். மேல்தட்டில் வேலை பார்க்கிற ஆட்களுக்குத் தலைவர் மாதிரி. வருடத்தில் முக்கால்வாசி கடலில். எங்கள் கடற்கரையில், கப்பலில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: கெட்ட சேதி கப்பலுக்குப் போகாது. உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவனுக்கு மனசு கையில்தான் இருக்க வேண்டும், வீட்டில் இருக்கக் கூடாது என்பார்கள். மதினியின் கணவரும் கப்பல்காரராக இருந்தவர்தான். அவருடைய தகப்பனார் இறந்த சேதி மூன்று துறைமுகம் தாண்டித்தான் அவருக்குப் போனது. அதுவரை போன் செய்தபோதெல்லாம், "அப்பா தூங்குதாவ" என்று சொல்லியிருக்கிறார்கள். இதை மதினி பெருமையாகவே சொல்வார். கேட்கிறவர்களும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படித்தான் என் மகளின் டைரியில் சிவப்பு மையில் வந்தது எதுவும் கப்பலுக்குப் போகவில்லை. பெஞ்சு மாற்றி உட்கார வைத்தது போகவில்லை. அவளைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட வேண்டாம் என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொன்னது போகவில்லை. அவர் லீவில் வரும்போது வீடே திருவிழாவாக இருக்கும். சாக்லேட், பீச், பரோட்டா, சித்தப்பா வீடு, சர்ச், மறுபடி பீச். அவள் ஓடினால் அவரும் கூட ஓடுவார். உட்கார வேண்டிய நேரமே வராது. அவளும் சின்னதிலேயே வீட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வீடியோ காலில் மூஞ்சியைத் திரைக்குள் நுழைத்து, "நல்லா இருக்கேன் டாடி, படிக்கேன் டாடி, டாட்டா" என்பாள். அதற்குள் அடுத்த அறையில் ஏதாவது விழுகிற சத்தம் கேட்கும். அவர் சிரிப்பார். "சுறுசுறுப்பு" என்பார்.

டாக்டரைத் திருநெல்வேலியில் பார்த்தேன். எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்தான். ஆனால் இங்கே ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் சர்ச் வாசலில் விசாரிப்பார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தொங்கி, கண்டக்டரின் விசிலைக் கேட்டு, முன் சீட்டு அம்மாவின் பூவை இழுத்து, என்னிடம் அடி வாங்கி, அழுது, உடனே மறந்து, வல்லநாடு மலையைக் காட்டி அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

டாக்டர் முன்னால் போனதும் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள். பெயர் கேட்டால் பெயர் சொன்னாள். கட்டைகளை அடுக்கச் சொன்னால் அடுக்கினாள். எனக்கு மானம் போயிற்று. வருஷக்கணக்காக நான்தான் ஊர் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேனோ என்று தோன்றியது. "எங்க வீட்டுல இப்படி இல்லைங்க டாக்டர்" என்றேன், ஏதோ கடையில் பழுதான மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்கும்போது அது நன்றாக ஓடிவிட்டது போல.

அந்தப் பெண் டாக்டர் சிரிக்கவில்லை. "புது இடம், புது ஆள். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் இப்படி இருப்பாங்க. வீட்டுல ஹோம்வொர்க் பண்றப்ப போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க. டீச்சர்கிட்டயும் கேக்கணும்" என்றார்.

அடுத்த முறை வீடியோவைப் பார்த்தார். டீச்சர் சொன்னதைப் படித்தார். என்னிடம் நிறையக் கேட்டார். பிரசவம் எப்படி, தூக்கம் எப்படி, எப்போது நடந்தாள், வீட்டில் வேறு யாராவது இப்படி உண்டா. அதற்குள் புது இடம் பழசாகிவிட்டதால் என் மகள் மேஜைக்கு அடியில் போயிருந்தாள். டாக்டர் குனிந்து அவளிடமே சொன்னார்: "நீ கெட்ட பிள்ளை இல்ல. உன் மூளைக்கு 'போதும், நில்லு'ன்னு சொல்லக் கொஞ்சம் நேரமாகுது. அவ்வளவுதான்." என்னிடம் ஏ.டி.எச்.டி. என்றார். மாத்திரை உண்டு, கூடவே பயிற்சிகள் உண்டு, இவளுக்கு இரண்டும் வேண்டும் என்றார். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்த்துப் பார்த்துத்தான் அளவை வைக்க முடியும் என்றார்.

நான் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். உண்மையில் அதுதான் எனக்குத் தோன்றியது.

"அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"கப்பல்ல இருக்கார்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பேனாவைக் கீழே வைத்தார். "பாதியில தெரிஞ்சு, பயந்து, நிறுத்தச் சொல்லுவாங்க. நிறைய வீட்டுல நடக்குது. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு அப்புறமா ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை எல்லாக் கடையிலும் வைத்திருக்கவில்லை. நான் கேட்ட இரண்டு கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள், மூன்றாவது கடையில்தான் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். அழுகை வரும் என்று நான் காத்திருந்தேன். வல்லநாடு வந்தது, எங்கள் பக்கத்துச் சின்னப் புதுக்கோட்டை வந்தது, உப்பு வாடை வந்தது, பழைய பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டது. அழுகை வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகுமே, கிள்ளினால் யாருடைய காலோ என்று இருக்குமே, எனக்கு நெஞ்சுக்குள் அப்படி இருந்தது.

கணவருக்கு நான் எழுதியது நாலு வரி. பிள்ளைக்குப் படிப்பில் கவனம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டினேன், மாத்திரை எழுதியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. கூடவே மாத்திரை அட்டையின் போட்டோ. லாரியைப் பற்றி எழுதவில்லை. வழக்கம் விடவில்லை. கப்பல் ஒரு துறைமுகத்தில் கட்டியதும் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே சத்தம்.

"ஏளா, இது என்ன மாத்திரைன்னு தெரிஞ்சுதான் வாங்குனியா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தது."

"எங்க மெஸ் ரூம்ல ஒட்டிப் போட்டிருக்கான், கப்பல்ல வச்சிருக்கக் கூடாத மருந்துன்னு. இது அதுல இருக்கு. எங்கள வரிசையா நிக்க வச்சு மூத்திரம் பிடிச்சு டெஸ்ட் பண்ணுதது இந்த மாதிரி சாமானுக்குத்தான். இது என் பையில கெடந்தா அடுத்த துறைமுகத்துல என்னயப் பிடிச்சு உள்ள வச்சிருவான். அதப் போயி பச்சப் பிள்ளைக்குக் குடுக்கணும்னு சொல்லுத?"

"அது டாக்டர் சீட்டு இல்லாம வச்சிருந்தாத்தான். டாக்டர் அளவு பாத்துத்தான்..."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த பிள்ளளா அவ! போன்ல பேசுதா, சிரிக்கா, படிக்கேன்னு சொல்லுதா. அவளுக்கு என்ன வந்துச்சு? நான் வாரதுக்குள்ள ஒரு மாத்திரை அவ வாயில போவக் கூடாது. சொல்லிட்டேன்."

கோபம் வரவில்லை எனக்கு. அவர் பொய் சொல்லவில்லை. போனில் நாங்கள் அவருக்குக் காட்டி வந்த மகளுக்கு மாத்திரை தேவையில்லைதான்.

அட்டை பீரோவில் துணிக்கு அடியில் போனது. அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்குப் பேப்பரில் முதல் பக்கம் முழுக்கச் சரி, அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது. ஸ்டார் கட்டினோம், குடில் வைத்தோம், அவள் குடிலின் ஆடுகளையெல்லாம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் குளிக்கக் கூட்டிப்போனாள். பூசையில் மூன்று முறை வெளியே கூட்டி வந்தேன். மதினி, "மே மாசம் தம்பி வந்துருவாம்லா, அதுவரைக்கும் வேற ஸ்கூல்ல போட்டாப் போச்சு" என்றார். வேறு ஸ்கூலுக்கும் வாசல் உண்டு, வாசலுக்கு வெளியே லாரியும் உண்டு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த நாட்களில் பாதி வாக்கியம் எனக்கு வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது.

ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டருக்காக எடுத்த வீடியோவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது. அதை எடுத்தவள் நான்தான், ஆனால் ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். அவள் ஒரு வரி எழுதுகிறாள். அழிக்கிறாள். பென்சிலைச் சீவுகிறாள். சீவின பென்சிலை ஊதுகிறாள். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறாள். வந்து அழிக்கிறாள், தாள் கிழிகிறது. அப்புறம் தன் தொடையில் பளார் பளாரென்று அடித்துக்கொள்கிறாள். "சும்மா இரு. சும்மா இரு. இருன்னு சொல்லுதேன்லா." அடிக்கிற கை அவளுடையது, குரல் மட்டும் என்னுடையது. மறுபடி பென்சிலை எடுக்கிறாள்.

அதைக் கணவருக்கு அனுப்பினேன். அதோடு விடவில்லை. டைரிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், எல்லாவற்றையும் அனுப்பினேன். லாரி சம்பவம் நடந்த நாள் சிஸ்டர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கணக்குப் பேப்பர், எல்லாம். கடைசியாக, "இதுதான் நம்ம பிள்ளை" என்று எழுதினேன். ஒற்றை டிக் விழுந்தது. கப்பல் நடுக்கடலில் இருந்தது.

சாயங்காலம் மதினியிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடல்ல நிக்கவனுக்கு இத அனுப்பினியா? நெனப்பு பிசகி மேல இருந்து கை விட்டான்னா யாருளா பொறுப்பு?"

மதினி சும்மா கத்துகிறவர் இல்லை. அப்படிப் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அன்றும் மறுநாளும் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்கூட ஒழுங்காக வரவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. அதற்கும் மறுநாள் டிக் நீலமாகியிருந்தது. போன் வரவில்லை. மதினி சாமி படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என்னோடு பேசாமல் இருந்தார்.

அடுத்த நாள் காலை கணவர் கூப்பிட்டார். பின்னால் இரும்பில் துரு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பத்துல இருந்து?"

"யு.கே.ஜி.யில இருந்து."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீங்க கப்பல்ல இருக்கியன்னுதான்."

மறுபடி துரு தட்டுகிற சத்தம். "அந்தத் தொடையில அடிச்சுக்கிடுதாளே. அது தெனமுமா?"

"தெனமும்."

"குடுளா" என்றார். "நாளைக்கே குடு. டாக்டர் நம்பரை அனுப்பு, நானும் பேசுதேன்." குரல் உடைந்திருந்தது. நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

மறுநாள் காலை இட்லிக்குப் பிறகு முதல் மாத்திரை. தண்ணீரோடு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள். நான் என்னென்னவோ நடக்கும் என்று கதவருகில் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. தரையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். வரைந்துகொண்டே இருந்தாள். அந்த நீளமான இறக்கையைத்தான், நாலு தாளை ஒட்டி, முனை வரைக்கும் வரைந்தாள். முதல் அளவு அவளுக்கு அதிகமாக இருந்தது, ரொம்பவும் அடங்கிப்போனாள். டாக்டர் குறைத்தார். சிஸ்டர் டி.சி. பேச்சை விட்டார். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது, சாயங்காலம் காய்ந்த மாடு போல் தின்றாள். வாரம் ஒருமுறை பயிற்சிக்காகப் பஸ் ஏறினோம். மாயம் எதுவும் இல்லை. இன்னும் செருப்பைத் தொலைக்கிறாள், இன்னும் கத்துகிறாள். ஆனால் தொடையில் அடித்துக்கொள்வது நின்றிருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வீடு அமைதியாக இருந்தது, நானும் அதற்குள் ஒரு சாமான் மாதிரி இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், நான் அடுக்களையில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். மகள் போனை எடுத்து டப்பாவில் சாய்த்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லா இருக்கேன் டாடி" வந்தது. டாட்டா வரவில்லை. அவர் காத்திருந்தார். அவருக்கும் அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

"வேற?" என்றார்.

"மத்தியானம் சாப்பாடு எறங்க மாட்டேங்கு டாடி. சாயங்காலம் நல்லாத் தின்னுதேன்."

"சரிம்மா."

"என் பக்கத்துல இப்ப ஒரு பிள்ளை உக்காருதா. முன்னாடி யாரும் உக்கார மாட்டாங்க."

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"டாடி, மம்மி அழவே மாட்டேங்கா. லாரி அன்னைக்கும் அழல, டாக்டர் சொன்னப்பவும் அழல. சிரிக்கவும் மாட்டேங்கா. நான் கூப்பிட்டா ரெண்டு மூணு தடவைக்குப் பொறவுதான் திரும்புதா. அந்த டாக்டர்கிட்ட மம்மிக்கும் மாத்திரை கேக்கணும் டாடி."

குழம்புக் கிண்ணத்தோடு வந்த மதினி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏ பிள்ள, கப்பல்ல இருக்க டாடிட்ட அதெல்லாம் சொல்லக் கூடாது."

"ஏன்?" என்று கேட்டாள்.

மதினி என்னைப் பார்த்தார். நான் இறாலைப் பார்த்தேன்.

"போனை மம்மிட்ட குடு" என்றார் அவர். அவள் கொண்டுவந்து நீட்டினாள். கவிச்சிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினேன். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதெல்லாம், "எல்லாரும் நல்லா இருக்கியளா?" என்பதுதான். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு, நல்லா இருக்கோம், நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க.

"நீ எப்படி இருக்க?" என்று கேட்டார்.

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் மகள் திரும்பிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை. காலை ஆட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"நல்லா இல்லங்க" என்றேன்.